நான் ஒருத்தி செய்து என்ன ஆகப் போகிறது?

சென்ற தவணையில் தரம் 11 மாணவிகளிடம் ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னேன். வழமையான தலைப்புத்தான்: "சூழலைப் பாதுகாப்பதில் மாணவரின் பங்கு". முப்பத்தெட்டுக் கொப்பிகள் வந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் "சிறு துளி பெரு வெள்ளம்" இருந்தது. ஒரு கொப்பியில் மட்டும் அது இல்லை. அங்கே ஒரு கணக்கு இருந்தது.

"எங்கள் பாடசாலையில் 1,000 பேர் படிக்கிறோம். எல்லோரும் நாளுக்கு ஒரு லஞ்ச் ஷீட் கொண்டுவந்தால், 200 பாடசாலை நாட்களில் 2 இலட்சம் ஷீட் சேரும். ஒன்று 2 கிராம் என்று எடுத்தால் 400 கிலோகிராம். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து கடலில் சேர்ந்த பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். அதாவது 1,680,000 கிலோகிராம். அதை 400 ஆல் வகுத்தால் 4,200. நாங்கள் ஆயிரம் பேரும் 4,200 வருடங்கள் லஞ்ச் ஷீட் பாவிக்காமல் இருந்தால்தான் அந்த ஒரு கப்பலுக்கு ஈடாகும். ஆகவே மாணவரின் பங்கு ஒன்றும் இல்லை."

இதை எழுதியவர் சோம்பேறி அல்ல. முந்திய வருடம் சுற்றாடல் கழகத்தில் முன்நின்று வேலை செய்தவர். கடைக்குத் துணிப்பையோடு போனவர். இடைவேளையில் அவரைக் கூப்பிட்டேன்.

"மகள், இத கோபத்தில எழுதினீங்களா?"

"இல்ல டீச்சர். நல்லா யோசிச்சுத்தான் எழுதின."

பிறகு மெதுவாகக் காரணத்தையும் சொன்னார். "ஊட்டுல ஒரு வருஷமா மூணு வாளி வச்சுப் பிரிச்சோம் டீச்சர். போன மாசம் நான் வாசல்ல நிண்டு பாத்தேன். ட்ரக்டர்ல வந்தவங்க மூணு வாளியயும் ஒண்டாக் கொட்டிக்கிட்டுப் போறாங்க. உம்மா என்னயப் பாத்து சிரிச்சிட்டாங்க. அதுக்குப் பிறகு நான் பிரிக்கிறல்ல."

அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. கொப்பியைத் திருத்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு தேடியதும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை. அந்த மாணவிக்கு மட்டுமல்ல, அதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கும் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கணக்குப் பிழையா?

இல்லை. பெருக்கலும் வகுத்தலும் சரி. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் அந்தக் கப்பல் தீப்பிடித்தது. ஜூன் 2 ஆம் திகதி தாழத் தொடங்கியது. மேற்குக் கரையெங்கும் பருப்பளவு வெள்ளை மணிகள் ஒதுங்கின. கடற்படையினரும் தொண்டர்களும் மணலை அரித்து அரித்து அவற்றைப் பொறுக்கினார்கள்.

அந்த மாணவி எழுதாத சில தகவல்களையும் அவர் பக்கத்துக்குச் சேர்த்துத்தான் பேச வேண்டும். 1988 ஆம் ஆண்டு முதல் கைத்தொழில்களால் வெளியான பச்சைவீட்டு வாயுக்களில் 71 சதவீதம் 100 நிலக்கரி, எண்ணெய், எரிவாயு உற்பத்தியாளர்களோடு தொடர்புடையது என்று 2017 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. "உங்கள் காபன் பாதச்சுவடு எவ்வளவு?" என்று ஒவ்வொருவரையும் கேட்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். 2004 அளவில் அது பொதுமக்களுக்கென ஒரு கணிப்பானை வெளியிட்டது. எண்ணெய் விற்பவரே வாங்குபவரைப் பார்த்து "உன் பங்கு எவ்வளவு?" என்று கேட்ட கதை அது.

இன்னொன்றும் உண்டு. இலங்கையர் ஒருவர் வருடத்துக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கர் ஒருவருக்கு 14 தொன் அளவில் வரும். ஆகவே காலநிலை மாற்றத்துக்குக் குற்றவாளி நம் வீட்டுப் பிள்ளை அல்ல. அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றக் கூடாது.

இவற்றை மறைத்துவிட்டு "ஒரு மரம் நடு, உலகம் மாறும்" என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்புவார்கள். வளர்ந்த பிள்ளைகள் ஒருநாள் கணக்குப் போடுவார்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள்.

ஆனால் அந்த 71 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு அளவு, அந்த நிறுவனங்கள் விற்ற எரிபொருளை வாங்கியவர்கள் எரித்ததால் வந்தது. மின்நிலையங்கள், பஸ்கள், லொறிகள், கார்கள், தொழிற்சாலைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே குழாயின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள். குற்றம் இருவருக்கும் சமம் அல்ல. ஆனால் ஒரு முனை மாறாமல் மற்ற முனை மாறாது.

கணக்கு விட்டுப்போன இடம்

மாணவியின் கணக்கு எல்லாவற்றையும் எடையால் அளக்கிறது. தீங்கு எப்போதும் எடையைப் பார்த்து வருவதில்லை. எந்த இடத்தில் கிடக்கிறது என்பதையும் பார்த்து வருகிறது.

வீட்டின் பின்பக்கம் மழையில் கிடக்கும் ஒரு யோகட் கோப்பையை எடுங்கள். எடை சில கிராம். 1,680 தொன்னோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிட அந்தக் கோப்பையில் நிற்கும் தண்ணீர் போதும். முட்டை நுளம்பாக ஒரு கிழமையோ பத்து நாட்களோ போதும். அந்த நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றருக்கு அப்பால் போவதில்லை. அது கடிப்பது நம்மையும் நம் பக்கத்து வீட்டாரையும்தான். 2017 ஆம் ஆண்டு மட்டும் நம் நாட்டில் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 400 இற்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கோ நின்ற ஒரு கப்பலால் அது நடக்கவில்லை. கோப்பை, சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரில்தான் அந்த நுளம்புகள் பெருகின.

இங்கே "நான் ஒருத்தி செய்து என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு இடமே இல்லை. ஒருத்தி கவிழ்த்து வைத்த கோப்பையில் நுளம்பு வராது. (தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே தேய்த்துக் கழுவ வேண்டும்.)

அதேபோல்தான் நம் தெரு வடிகான். மழைக்காலத்தில் அதை அடைப்பது நம் தெருவின் சொப்பிங் பேக். தண்ணீர் ஏறுவது நம் வீட்டுப் படிக்கு.

ஆகவே முதலில் பிரச்சினைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டோடு முடிபவை சில. ஊர் சேர்ந்தால்தான் முடிபவை சில. உலகம் சேர்ந்தால்தான் முடிபவை சில. மூன்றாவது வகையின் அளவுகோலை எடுத்து முதலாவது வகையை அளந்தால் யாருக்கும் மனம் உடையத்தான் செய்யும்.

ஊர் சேர்ந்தால் முடிபவை

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினம். கொழும்புக்கு அருகே மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகள் மீது சரிந்தது. 30 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மேட்டை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. நகரத்தின் ஒவ்வொரு வீடும் கடையும் நாள்தோறும் வெளியே வைத்த பைகள், பல வருடங்களாக ஓரிடத்தில் சேர்ந்து மலையாகின. அந்தப் பைகளை வைத்த ஒவ்வொருவருக்கும் "என் ஒரு பையால் என்ன ஆகும்?" என்ற நினைப்புத்தான் இருந்திருக்கும்.

ஒரு பை ஒன்றுமில்லை என்றால் மலை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை அந்த மாணவியின் கணக்குக்கு அடியில் எழுதி வைத்தேன்.

கிழக்கில் இன்னொரு காட்சி. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் சுற்றுப்புற ஊர்களின் குப்பை கொட்டப்படுகிறது. காட்டு யானைகள் அங்கே வந்து மேய்கின்றன. எட்டு வருடங்களுக்குள் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாஸ்டிக்கை விழுங்கி இறந்ததாக 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்திகள் வந்தன. யானை பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதில்லை. மிஞ்சிய சோறும் பழத்தோலும் கட்டப்பட்ட பையை அது தின்கிறது. சோற்றின் வாசத்துக்கு வருகிறது, பையையும் சேர்த்து விழுங்குகிறது.

இதை வாசித்தபோதுதான் மூன்று வாளிக்கான பதில் எனக்குக் கிடைத்தது. நம் நாட்டில் வீட்டுக் குப்பையின் எடையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியதுதான். சமையல் கழிவு, தோல், இலை போன்றவை. அதை வாசலுக்கே கொண்டுபோகாமல் வளவின் ஒரு மூலையில் குழியிலோ பீப்பாவிலோ போட்டு மூடினால், ட்ரக்டரில் கலப்பதற்கு ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது காய்ந்த பொருட்கள். அவற்றை ஒன்றாகக் கொட்டினாலும் பிறகு பிரிக்கலாம். நாறாது, நாயும் காகமும் இழுக்காது, யானையும் தேடி வராது. பிரிக்கும் வேலையின் பெரும் பாதி அவர் கையில்தான் இருந்தது. அதை அவர் ட்ரக்டரின் கையில் விட்டிருந்தார்.

உலகம் சேர்ந்து முடித்த ஒரு கதை

மூன்றாவது வகைக்கு வருவோம். உலகம் முழுவதும் சேர வேண்டிய காரியத்தில் ஒரு வீட்டின் பழக்கத்துக்கு ஏதாவது பங்கு உண்டா? உண்டு என்பதற்கு நடந்து முடிந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

1974 இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், குளோரோபுளோரோகாபன் என்ற இரசாயனம் ஓசோன் படையைச் சிதைக்கக்கூடும் என்று எழுதினார்கள். அது வாசனைத் தெளிப்பான் டின்களிலும் குளிர்சாதனப் பெட்டிகளிலும் இருந்தது. உற்பத்தியாளர்கள் மறுத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் சாதாரண மக்கள் பலர் அந்த டின்களை வாங்குவதைக் குறைத்தார்கள். சட்டம் எதுவும் வரும் முன்பே விற்பனை வெகுவாக வீழ்ந்தது. வேறு வகைத் தெளிப்பான்கள் கடைக்கு வந்தன. 1978 இல் பெரும்பாலான தெளிப்பான்களில் அந்த இரசாயனத்தை அமெரிக்கா தடை செய்தது. 1985 இல் அந்தாட்டிக்காவுக்கு மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது வெளியானது. 1987 செப்டெம்பர் 16 இல் மொன்றியல் உடன்படிக்கை ஒப்பமாகியது. பாடசாலைகளில் நாம் ஓசோன் தினம் கொண்டாடுவது அந்தத் திகதியில்தான். பின்னர் உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. உலகின் பெரும்பகுதிக்கு மேல் ஓசோன் படை 2040 அளவிலும் அந்தாட்டிக்காவுக்கு மேல் 2066 அளவிலும் 1980 இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள்.

ஒரு டின்னை வாங்காமல் விட்ட பெண் ஓசோனைக் காப்பாற்றினாளா? அந்த ஒரு டின்னால் இல்லை. ஆனால் அவளைப் போன்றவர்கள் மாறியதால் "இது இல்லாமலும் வாழலாம்" என்பது கண்ணுக்குத் தெரிந்தது. சட்டம் செய்பவர்களுக்கு வேலை இலகுவானது. விஞ்ஞானி, வாங்குபவர், வியாபாரி, அரசு என்று ஒவ்வொருவரும் மற்றவரைத் தள்ளினார்கள். எரிபொருள் விடயம் இதைவிடக் கடினமானது. தெளிப்பான் டின்னுக்கு மாற்று இலகுவாகக் கிடைத்தது, பெற்றோலுக்கு அப்படி இல்லை. ஆனாலும் காரியம் நகரும் வழி இதுதான்.

மறுபக்கத்தையும் நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2017 செப்டெம்பர் முதல் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. ஆனாலும் நம் சாப்பாட்டுக் கடைகளில் பொலித்தீன் ஷீட்டை இன்றும் காணலாம். வாழ்க்கையில் யாரும் பழகாத சட்டம் தாளில் தூங்குகிறது.

ட்ரக்டர் என்ன ஆனது?

அந்த மாணவியும் இன்னும் ஐந்து பேரும் நானும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு உள்ளூராட்சி சபைக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் கோபிக்கவில்லை. "டீச்சர், ஒரு ட்ரக்டர், ரெண்டு தொழிலாளி. ஒரு தெருவுல ஒரு வீடு பிரிச்சு வச்சா நான் என்ன செய்யிற? இருபது வீடு பிரிச்சுத் தந்தா, காஞ்ச குப்பைக்கு வேற நாள் ஒண்டு விடலாம்" என்றார்.

பிள்ளைகள் வீடு வீடாகப் போனார்கள். முதலில் பதின்மூன்று வீடு சம்மதித்தது. "எங்கட ஊட்டுல வந்து பாருங்க, எப்படிப் பிரிக்கிறதெண்டு காட்டுறேன்" என்று அந்த மாணவி சொல்லக்கூடியதாக இருந்ததால்தான் மற்ற வீடுகளும் இணங்கின. ஒரு வருடம் வீணாய்ப் போனதாக அவர் நினைத்த பழக்கம், மற்றவர்களுக்குக் காட்டும் மாதிரியாக நின்றது. இருபத்திரண்டு வீடு ஆனபோது மறுபடி போனோம். இப்போது அந்தத் தெருவுக்கு வியாழக்கிழமைகளில் காய்ந்த குப்பைக்கு மட்டும் வண்டி வருகிறது. சில கிழமைகளில் வருவதில்லை. அப்போது பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கிறார்கள்.

எதைப் பிடிப்பது, எதை விடுவது?

மனம் சோர்வதற்கு இன்னொரு காரணம், நூறு பழக்கங்களை ஒன்றாகத் தூக்க முயல்வது. எல்லாம் ஒரே பாரம் இல்லை. பாரமானதை முதலில் எடுங்கள்.

அயன் பண்ணும் பெட்டி ஏறத்தாழ 1,000 வாட்ஸ். எல்ஈடி பல்பு 9 வாட்ஸ். ஒரு மணித்தியாலம் அயன் பண்ணும் மின்சாரத்தில் அந்தப் பல்பு நூறு மணித்தியாலத்துக்கு மேல் எரியும். பல்பை அணைக்க மறந்ததற்காக வருந்துவதைவிட, ஐந்து நாள் சீருடையையும் பர்தாவையும் சனிக்கிழமை பகலில் ஒன்றாக அயன் பண்ணுங்கள். மாலை 6.30 இற்கும் இரவு 10.30 இற்கும் இடையில்தான் நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கிறது. எண்ணெய் எரிக்கும் நிலையங்களின் உதவி அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

அடுத்தது சோறு. 2022 இல் உலகில் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் வீணான உணவு 105 கோடி தொன். இது நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உணவு விரயத்தால் வரும் பச்சைவீட்டு வாயுக்கள் உலக மொத்தத்தில் 8 முதல் 10 சதவீதம். குப்பைமேட்டில் காற்றுப்படாமல் அழுகும் உணவிலிருந்து மெதேன் வாயுவும் வருகிறது. நம் கலியாண வீடுகளில் சஹனில் மிஞ்சுவதை நினைத்துப் பாருங்கள். ஆறு பேர் ஒன்றாக இருந்து ஒரே சஹனில் உண்ணும் பழக்கம் விரயம் குறைவானது. அளவுக்கு மேல் குவிப்பதுதான் பிந்தி வந்த பழக்கம்.

பெற்றோருக்கு

பிள்ளை வாளி பிரிக்கும்போது சிரிக்காதீர்கள். அந்த உம்மாவின் சிரிப்பில் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. ஆனால் ட்ரக்டரைவிட அந்தச் சிரிப்புத்தான் பிள்ளையை நிறுத்தியது. நோன்பு காலத்தில் கஞ்சிக்குப் பாத்திரம் கொண்டுபோன நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சூடான கஞ்சியைப் பொலித்தீன் பையில் வாங்கி வருவதை விட்டு, பிள்ளையின் கையில் மறுபடி அந்த வாளியைக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் சின்னப் பக்கற் ஷாம்பு வாங்குவதைக் குறை சொல்லாதீர்கள். பெரிய போத்தல் வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள் அவர்கள். அவர்களைக் குத்துவதால் சூழல் சுத்தமாகாது.

கடைசியில் அந்தக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். கணக்குக்கு முழுப் புள்ளி, முடிவுக்குப் பாதிப் புள்ளி. அவர் பார்த்துவிட்டு, "கணக்கு இன்னும் சரிதானே டீச்சர்?" என்றார். சரிதான் என்றேன். சிறிது யோசித்துவிட்டு, "ஆனா எங்கட வாளி இப்ப நாறுறல்ல. உம்மாவே குழியில கொண்டு கொட்டுறாங்க" என்றார்.

சிந்திப்போம், செய்வோம்

1. உங்கள் வீட்டின் ஒரு நாள் குப்பையை உக்கக்கூடியது, காய்ந்தது என இரண்டாகப் பிரித்து நிறுத்துப் பாருங்கள். வெளியே போகத் தேவையில்லாதது எத்தனை சதவீதம்?

2. உங்கள் மனதைச் சோர வைக்கும் மூன்று சூழல் பிரச்சினைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் வீட்டோடு முடிவதா, ஊரோடு முடிவதா, உலகத்தோடு முடிவதா எனக் குறியுங்கள்.

3. ஊரோடு முடிவதில் ஒன்றைத் தெரிந்து, அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். போவதற்கு முன் உங்களோடு சேரும் ஐந்து பேரைத் தேடுங்கள்.

4. கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரத்தில், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு மாதம் முடிந்த பின் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.